சாட்சி சொல்லும் படங்கள்



"எந்த ஊரு தம்பி?"

"வாலாஜாபாத் சார்."

"ஓ... ராணிப்பேட்டை பக்கமா?"

"அது வாலாஜாபேட்டை சார். நாங்க காஞ்சிபுரம் பக்கம்."

நம்ம ஊர்ப் பசங்க யாரைக் கேட்டாலும் இந்த உரையாடலைத் தலைகீழாக ஒப்பிப்பார்கள். இரண்டு ஊருக்கும் பெயர் வந்தது ஒரே ஆளால்தான்: ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா. அவர் காலத்தை ஒட்டி நம் வாலாஜாபாத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை பாசறை போட்டிருந்தது. அந்தப் பாசறை எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குக் கை காட்டத் தெரியும்? எனக்கும் தெரியாது. கம்பெனி வந்த காலத்தை விடுங்கள். எங்கள் தாத்தா வீட்டுக் கதையே எனக்குச் சரியாகத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நாலு தூணா, ஆறு தூணா?

எங்கள் தாத்தா நெசவாளி. வீதியைப் பார்த்த திண்ணை, உள்ளே நீளமான கூடம், அதில் தறிக்குழி, பின்னால் முற்றம், மேலே நாட்டு ஓடு. இப்படி ஒரு வீடு. கூடம் ஏன் அவ்வளவு நீளம் என்றால் தறிக்கு இடம் வேண்டும். வீதி ஏன் நேராக அகலமாக இருக்கிறது என்றால் விடியற்காலையில் பாவை நீட்டிப் போட வேண்டும். அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை என்று நம் பக்கத்து நெசவு ஊர்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது கண்ணில் தெரியும். தொழிலுக்காகவே கட்டிய வீடு அது. அதற்கு அப்போது எந்த இன்ஜினீயரும் பிளான் போடவில்லை.

தாத்தா போனதும் பாகம் பிரிந்தது. வீட்டை இடித்து மூன்று கான்கிரீட் வீடுகளாகக் கட்டினார்கள். அதில் தப்பு சொல்ல நான் யார்? ஒழுகுகிற ஓட்டுக்குக் கீழே படுத்தவர்கள் அவர்கள். ஆனால் இடித்து முடித்த பிறகு ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு வந்தது. திண்ணையில் இருந்தது நாலு தூண் என்றார் அப்பா. ஆறு என்றார் பெரியப்பா. "அஞ்சுடா, ஒண்ணு செவுத்துக்குள்ள பூந்திருந்துச்சி" என்றார் பாட்டி. அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த மூன்று பேர், மூன்று பதில்!

போட்டோ இருக்குமே என்று தேடினேன். பெட்டி நிறையப் போட்டோ. கல்யாணம், காதுகுத்து, சீமந்தம் எல்லாம் இருந்தது. எல்லாவற்றிலும் முகங்கள், முகங்கள், முகங்கள்! வீடு எங்கேயும் இல்லை. அத்தை கல்யாணப் போட்டோ ஒன்றில் மட்டும் பாட்டி ஒரு தூணில் சாய்ந்து நிற்கிறார். அந்த வீட்டுக்கு மிஞ்சிய ஒரே சாட்சி அந்த ஒற்றைத் தூண்தான்.

அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. நாம் கட்டடத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறோம். கட்டடத்தைப் போட்டோ எடுப்பதில்லை. இரண்டும் வேறு வேறு.

ஒரு படம் என்ன செய்துவிடும்?

"போட்டோ எடுத்து என்னப்பா ஆகப்போகுது?" என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. ஒரு கதை சொல்கிறேன், நடந்த கதை.

அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான் என்று ஒரு கிராமம். அங்கே சோழர் காலத்துச் சிவன் கோயில். பூஜை நின்று, பூட்டியே கிடந்த கோயில். அதிலிருந்த நடராஜர் செப்புத் திருமேனி திருடு போனது. 2008 இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் அதைச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. விற்றவர்கள் காட்டிய காகிதங்கள் எல்லாம் 'சரியாகவே' இருந்தன! இது எங்கள் ஊர்ச் சாமி என்று கிராமத்து ஜனங்கள் சொன்னால் யார் நம்புவார்கள்? சாட்சி வேண்டுமே?

சாட்சி புதுச்சேரியில் இருந்தது. அங்குள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்து, ஊர்ப் பெயரும் தேதியும் எழுதிச் சேர்த்து வைத்திருக்கிறது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். அவற்றில் 1994 இல் அதே ஸ்ரீபுரந்தான் கோயிலில் எடுத்த அதே நடராஜரின் படம் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் கதை முடிந்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டெல்லிக்கு வந்து சிலையைத் திருப்பிக் கொடுத்தார். கூடவே விருத்தாசலம் கோயிலிலிருந்து போன அர்த்தநாரீசுவரர் கற்சிலையும் வந்தது. அதற்குச் சாட்சி 1974 இல் எடுத்த படம்.

படம் எடுத்தவர் அன்றைக்குத் திருட்டைப் பற்றி நினைத்திருப்பாரா? மாட்டார். முறையாக எடுத்தார், முறையாகக் குறித்து வைத்தார், அவ்வளவுதான். அந்த 'முறை' என்ன என்பதுதான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது. டிப்ளமோ மாணவர்களான நமக்கு அது ரொம்ப சுலபம். காரணம், பாதியை நாம் சர்வே வகுப்பிலும் டிராயிங் வகுப்பிலும் ஏற்கெனவே படித்துவிட்டோம்!

நம் பக்கத்தில் என்ன இருக்கிறது?

செங்கல்பட்டு போகும் ரயிலில் வாலாஜாபாத்தை விட்டதும் பழையசீவரம் வரும். அதற்கு எதிர்க்கரையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில் திருமுக்கூடல். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சுமார் 1068 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? ஓர் ஆஸ்பத்திரியின் கணக்கு! 'வீரசோழன்' என்ற பெயருடைய ஆதுலசாலை, 15 படுக்கைகள், ஒரு வைத்தியர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டு வர ஆட்கள், நோயாளியைக் கவனிக்கப் பெண்கள், ஒரு நாவிதர், தண்ணீர் கொடுக்க ஓர் ஆள். இரவெல்லாம் எரிய ஒரு விளக்கு. தசமூல ஹரீதகி, மண்டூர வடகம் என்று இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல். மாணவர்களுக்கு விடுதியும் சாப்பாடும் உண்டு. ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்று புலம்பும் நண்பர்கள் கவனிக்க!

அங்கிருந்து தெற்கே போனால் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். குடவோலைத் தேர்தல் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது இதுதான். ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. நிற்பவருக்கு வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலியும், சொந்த மனையில் வீடும் வேண்டும். ஏற்கெனவே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது; அவருடைய உறவுக்காரர்களும் நிற்க முடியாது!

இந்த இரண்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. படித்து அச்சிட்டும் விட்டார்கள். கவலை இல்லை. ஆனால் ஏரிக்கரைச் சின்னக் கோயில், வழிப்போக்கர் சத்திரம், சாவடி, படிக்கட்டுக் குளம், தண்ணீர்ப் பந்தல், சுமைதாங்கிக் கல், மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய பள்ளிக்கூடம், நெசவாளர் வீடு? இவற்றுக்கு எந்தப் பட்டியலும் இல்லை. கும்பாபிஷேகம் வந்தால் சுவருக்குப் பெயின்ட் அடிப்பார்கள், எழுத்து மறைந்துவிடும். ஒரு காலத்தில் கல்லைச் சுத்தம் செய்கிறோம் என்று மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்தார்கள். அழுக்கோடு எழுத்தும் போயிற்று. பிறகுதான் அறநிலையத் துறை அதற்குத் தடை போட்டது. ரோடு அகலமானால் சாவடி போகும். பாகம் பிரிந்தால் வீடு போகும். எல்லாவற்றையும் நம்மால் காப்பாற்ற முடியாது, நண்பர்களே. ஆனால் எல்லாவற்றையும் படம் எடுக்க முடியும்.

எப்படி எடுப்பது?

பெரிய கேமரா வேண்டாம். கையில் இருக்கும் செல்போன் போதும். அழகான படம் எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நமக்கு வேண்டியது சாட்சி சொல்லும் படம். அதற்கு ஐந்து விதிகள்.

முதல் விதி: தூக்குக் குண்டை மறக்காதே!

கோபுரத்தைப் படம் எடுத்தால் அது பின்னால் சாய்ந்து, மேலே கூராகப் போவது போல் வரும். கோபுரம் சாயவில்லை, நாம்தான் கேமராவை அண்ணாந்து பிடித்தோம். கேமராவின் முதுகு செங்குத்தாக இருந்தால் சுவரின் செங்குத்துக் கோடுகள் படத்திலும் செங்குத்தாகவே வரும். முதுகு சாய்ந்தால் கோடுகள் மேலே போய்க் கூடும். எனவே போனைச் சுவருக்கு இணையாகப் பிடியுங்கள். திரையில் கட்டக் கோடுகள் காட்டும் வசதி உண்டு. அதைப் போட்டு, கோட்டையும் சுவரின் மூலையையும் பொருத்துங்கள். கட்டடம் முழுக்க வரவில்லையா? பின்னால் போங்கள். அல்லது எதிர்வீட்டு மாடியில் அனுமதி கேட்டு ஏறி, கட்டடத்தின் பாதி உயரத்தில் நின்று எடுங்கள். 0.5 என்று காட்டுகிற அகலப் பார்வையைத் தொடாதீர்கள், ஓரங்களை இழுத்துவிடும். எப்போதும் 1 தான்.

ஒவ்வொரு பக்கமும் நேராக ஒரு படம், ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒரு படம் எடுங்கள். கட்டடத்தைச் சுற்றி எட்டுப் படம் ஆயிற்று. பிறகு உள்ளே. கடைசியில் தூண், போதிகை, வாசற்கால், தாழ்ப்பாள் போன்ற நுணுக்கங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். தூரத்திலிருந்து கிட்டே வந்தால்தான் எந்தத் தூண் எந்த மூலையில் என்பது குழம்பாது.

இரண்டாம் விதி: அளவுகோல் இல்லாத படம் பாதிப் படம்.

ஒரு சிற்பத்தை மட்டும் எடுத்தால் அது சாண் உயரமா, ஆள் உயரமா என்று பிறகு யாருக்கும் தெரியாது. சர்வே லேபில் சிவப்பும் வெள்ளையுமாக ரேஞ்சிங் ராடு இருக்கிறதல்லவா? அதைச் சுவரை ஒட்டிச் செங்குத்தாக நிறுத்துங்கள். ஒவ்வொரு பட்டையும் 20 செ.மீ. சின்னப் பொருளுக்கு ஸ்கேல் போதும். ஒன்று கவனம்: ராடும் பொருளும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். முன்னால் நிற்கும் ராடு பெரிதாகத் தெரியும், கணக்கு தப்பும்.

கொஞ்சம் கணக்கும் போட்டுப் பார்ப்போம். 12 மெகாபிக்சல் போனில் படத்தின் நீளம் 4000 புள்ளிகள். 8 மீட்டர் சுவரை ஒரே படத்தில் அடக்கினால் ஒரு புள்ளிக்கு 2 மி.மீ. கல்வெட்டு எழுத்தின் கோடே சில மி.மீ. தான், படிக்க முடியாது. அதே சுவரை ஒரு மீட்டர் ஒரு மீட்டராகப் பிரித்து எடுத்தால் ஒரு புள்ளிக்கு கால் மி.மீ. எழுத்தின் முனைகூடத் தெரியும்.

மூன்றாம் விதி: வெயிலைப் பக்கத்தில் விடு!

கல்வெட்டை உச்சி வெளிச்சத்தில் நேருக்கு நேர் பார்த்தால் வெறும் கல். அதே இடத்தைச் சாய்ந்த வெயிலில் பாருங்கள், எழுத்து எழுந்து நிற்கும். காரணம் நிழல். எழுத்தின் ஆழம் 2 மி.மீ. என்று வையுங்கள். வெளிச்சம் சுவரோடு 45 டிகிரியில் விழுந்தால் நிழலும் 2 மி.மீ. 10 டிகிரியில் விழுந்தால், 2 ஐ டான் 10 ஆல் வகுத்தால், 11 மி.மீ. நீள நிழல்! பள்ளம் முழுக்கக் கறுத்துவிடும். எழுத்து தனியாகத் தெரியும். முதல் வருடம் "இந்த டிரிக்னாமெட்ரி எதுக்குடா?" என்று அழுதோமே, இதுக்குத்தான்.

அப்படியானால் எந்தச் சுவருக்கு எந்த நேரம்? கிழக்குச் சுவருக்கு வெயில் சுவரை விட்டு விலகப் போகும் நேரம், அதாவது நண்பகலுக்குச் சற்று முன். மேற்குச் சுவருக்கு நண்பகலுக்குச் சற்றுப் பின். தெற்குச் சுவருக்குப் பனிக்காலத்தில் காலையும் மாலையும். வடக்குச் சுவர்தான் படுத்தும். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, சூரியன் வடக்கே தள்ளி உதிக்கும் மாதங்களில்தான் காலையிலும் மாலையிலும் அதன் மேல் சாய்வெயில் படும். ஆக ஒரே கோயிலை முழுதாக எடுக்க ஒரு நாள் போதாது. ஒரு வருடம்கூட ஆகலாம்.

மண்டபத்துக்குள் இருட்டாக இருந்தால் டார்ச் லைட். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். இடப்பக்கமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என்று மூன்று படம் எடுங்கள். வெளிச்சம் வரும் திசையிலேயே ஓடும் கோட்டுக்கு நிழல் விழாது. ஒரு படத்தில் தெரியாத கோடு இன்னொன்றில் தெரியும். எழுத்து தெரியட்டும் என்று சாக்பீஸ், விபூதி, எண்ணெய் எதையும் தேய்க்கவே தேய்க்காதீர்கள். கல்லைத் தொடாமல் படிப்பதுதான் படத்தின் பெருமையே.

இந்த வேலைக்கு நம் மண்ணில் ஒரு முன்னோடி உண்டு. லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, சென்னை அரசாங்கத்தின் போட்டோகிராபர். 1858 இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார். மெழுகு பூசிய காகிதம்தான் அவருக்கு பிலிம். நம் கையில் இருப்பதை நினைத்தால் வெட்கமாக இல்லையா?

நான்காம் விதி: படங்கள் ஒன்றோடொன்று கை கோக்க வேண்டும்.

1858 இலேயே இன்னொரு சம்பவம். ஜெர்மனியில் வெட்ஸ்லார் என்ற ஊர். மைடன்பாவர் என்ற இளம் கட்டடக்காரர் அங்குள்ள தேவாலயத்தின் உயரத்தில் தொங்கி டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். கால் தவறியது, மயிரிழையில் தப்பினார். கீழே இறங்கியதும் அவருக்குத் தோன்றியதாம்: உயிரைப் பணயம் வைத்து ஏன் அளக்க வேண்டும்? படம் எடுத்து, படத்தில் அளந்தால் என்ன? அந்த யோசனைதான் போட்டோகிராமெட்ரி என்ற துறையாக வளர்ந்தது. 1885 இல் பெர்லினில் அதற்காகவே ஓர் அரசு நிலையம் அமைத்தார்கள். இருபதாயிரம் அளவில் கண்ணாடித் தட்டுப் படங்கள் சேர்ந்தன.

ஒரே புள்ளியை இரண்டு இடங்களிலிருந்து படம் எடுத்தால் அது எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடலாம். நாம் தியோடலைட்டில் செய்யும் முக்கோணக் கணக்குதான். அதனால் பக்கத்துப் படங்கள் குறைந்தது 60 சதவீதம் ஒன்றின் மேல் ஒன்று படிய வேண்டும். விமான சர்வே பாடத்தில் படித்த அதே 60! ஓர் அடி நகர்ந்து ஒரு படம், மறுபடி ஓர் அடி, இன்னொரு படம். இன்று கம்ப்யூட்டரே அவற்றைக் கோத்து முப்பரிமாண உருவம் தந்துவிடும். இப்போது கோக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. படங்கள் படிந்திருந்தால் பத்து வருடம் கழித்து யாராவது கோப்பார்கள்.

ஐந்தாம் விதி: எழுதாத படம் ஊமை.

ஊர், கட்டடம், எந்தத் திசைச் சுவர், தேதி, நேரம், எடுத்தவர், யார் சொன்ன தகவல். ஒவ்வொரு படத்துக்கும் பீல்டு புக்கில் ஒரு வரி. கூடவே ஒரு கைவரைபடம் போட்டு, எங்கே நின்று எந்தப் பக்கம் பார்த்து எடுத்தீர்கள் என்று அம்புக்குறி போடுங்கள். ஸ்ரீபுரந்தான் படத்தில் நடராஜர் மட்டும் இருந்து ஊர்ப் பெயர் இல்லாமல் போயிருந்தால்? நினைத்துப் பாருங்கள்.

எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழிக்காதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும். படத்துக்குள் தானாகப் பதிவான தேதியையும் இடத்தையும் கழற்றிவிடும். மூலக் கோப்பை இரண்டு இடத்தில் வையுங்கள். முக்கியமான பத்துப் படங்களையாவது அச்சுப் போட்டு வீட்டுக்காரருக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று கொடுங்கள். போன் தொலையும், கம்ப்யூட்டர் கெடும். காகிதம் பரணில் கிடந்தாவது பிழைக்கும்.

கேட்டு எடு; கேட்காமல் எடுக்காதே

இது விதி இல்லை, மரியாதை. வீடு என்றால் வீட்டுக்காரரைக் கேளுங்கள். எதற்கு என்று சொல்லுங்கள். "பட்டா அளக்க வந்தியா?" என்று சந்தேகப்படுவார்கள்; பொறுமையாகச் சொல்லுங்கள். முதல் நாள் கேமராவை எடுக்காமல் திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவது நல்லது. பெண்கள் வேலை செய்யும் இடத்தில், குளத்துப் படித்துறையில் ஆட்கள் இருக்கும்போது எடுக்காதீர்கள்.

கோயிலில் மூலவரை எடுக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்கே தடை விதிக்கச் சொன்னது. ஆகவே செயல் அலுவலரிடம் கல்லூரிக் கடிதத்தோடு போய் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தொல்லியல் துறைக் கட்டடங்களில் முக்காலி வைக்கத் தனி அனுமதி வேண்டும். இன்னொன்று: உற்சவச் சிலை எந்த அறையில் இருக்கிறது, பூட்டு எப்படி என்பதெல்லாம் தெரியும் படங்களை ஊர் முழுக்கப் பரப்பாதீர்கள். திருடனுக்கு நாமே பிளான் போட்டுக் கொடுத்தது போல ஆகும்.

ஒரு பாலிடெக்னிக்கின் கதை

முடிக்கும் முன் ஒரு கதை. இது நம்ம இனத்தார் கதை.

போலந்து நாட்டுத் தலைநகர் வார்சாவில் ஒரு பாலிடெக்னிக். இரண்டாம் உலகப் போருக்கு முன் அங்கே கட்டடக்கலை ஆசிரியர்கள் மாணவர்களைப் பழைய கட்டடங்களுக்கு அனுப்பி அளக்க வைத்தார்கள், வரைய வைத்தார்கள், படம் எடுக்க வைத்தார்கள். நம் டிராயிங் ஷீட் மாதிரிதான். எத்தனை பேர் கடைசி ராத்திரி உட்கார்ந்து முடித்தார்களோ, எத்தனை பேர் பக்கத்து ஷீட்டைப் பார்த்து வரைந்தார்களோ!

1944 இல் வார்சா மக்கள் நாஜிப் படையை எதிர்த்து எழுந்தார்கள். அதற்குப் பழிவாங்க நகரத்தைத் தெருத் தெருவாக வெடி வைத்துத் தகர்த்தார்கள். பழைய நகரத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் மண்ணாயிற்று. ஆனால் அந்த டிராயிங்குகளை இடிபாட்டிலிருந்து ரகசியமாகக் கடத்தி, வேறோர் ஊரில் துறவிகளின் மடத்தில் ஒளித்து வைத்திருந்தார்கள். போர் முடிந்ததும் அவை வெளியே வந்தன. அவற்றையும் பழைய ஓவியங்களையும் படங்களையும் வைத்துக்கொண்டு பழைய நகரத்தை மறுபடி கட்டினார்கள். 1980 இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

மதிப்பெண்ணுக்காக வரைந்த ஷீட் ஒரு நகரத்தைத் திருப்பிக் கொடுத்தது, நண்பர்களே!

நம் ஊருக்கு அப்படி ஒரு நாசம் வர வேண்டாம். ஆனால் சத்தமில்லாமல், வாரத்துக்கு ஒரு வீடாக, வருடத்துக்கு ஒரு சாவடியாகப் போய்க்கொண்டேதான் இருக்கிறது. நம் துறையில் வருடா வருடம் சர்வே கேம்ப் போகிறோம். அதில் ஒரே ஒரு நாளை ஒரு வீதிக்குக் கொடுத்தால் என்ன? ஒரு பேட்ச் ஒரு வீதி. சிவில் அளக்கட்டும், கம்ப்யூட்டர் துறை கோக்கட்டும், மெக்கானிக்கல் நண்பர்கள் பழைய தறியையும் ஏற்றக் கிணற்றையும் வரையட்டும். பத்து வருடத்தில் பத்து வீதி நம் கல்லூரி நூலகத்தில் இருக்கும்.

அந்த ஒற்றைத் தூண்

பாட்டி சாய்ந்து நின்ற அந்தப் போட்டோவை மறந்துவிடவில்லை. சென்ற மாதம் ஸ்கேலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போட்டோவில் பாட்டியின் உயரம் 37 மி.மீ. தூண், தரையிலிருந்து போதிகை வரை 56 மி.மீ. பாட்டி தூணில் சாய்ந்தே நிற்பதால் இரண்டும் கேமராவிலிருந்து ஒரே தூரம். பாட்டியைச் சுவரோரம் நிறுத்தி அளந்தேன்: 148 செ.மீ. ஆகப் போட்டோவில் ஒரு மி.மீ. என்றால் நிஜத்தில் 4 செ.மீ. தூண் 224 செ.மீ.; ஏழடி நாலங்குலம்.

கணக்கைப் பாட்டியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் போட்டோவையே பார்த்தார். "அப்ப நான் இன்னும் ஒசரமாத்தான்டா இருந்தேன். இப்பதான் முதுகு வளைஞ்சிபோச்சி" என்றார். உண்மைதான். அப்படியானால் தூணும் கொஞ்சம் கூடத்தான் இருந்திருக்கும். எவ்வளவு என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

நாலு தூணா, ஆறு தூணா என்பதும் முடிவாகவில்லை. முடிவாகவும் ஆகாது. திண்ணைக்கு எதிரே நின்று ஒரே ஒரு படம், ராடு வைத்து, நேராகப் பிடித்து எடுத்திருந்தால் போதும். ஒரு நிமிட வேலை.

உங்கள் வீதியில் இன்னும் நிற்கிற வீட்டுக்கு அந்த ஒரு நிமிடத்தைக் கொடுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமையே!

- மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் துறை